எலும்பும் பொழுதும்



எலும்பு என்றதும் கல்லைப்போல் மாறாது கிடக்கும் ஒரு பொருளே பலருடைய நினைவுக்கு வரும். உண்மை அதுவன்று. உயிருள்ள உடலில் எலும்பு இடையறாது கரைகிறது, இடையறாது பிறக்கிறது. பழைய எலும்பைக் கரைக்க ஒருவகை உயிரணுக்களும், அவ்விடத்தில் புதியதைக் கட்ட வேறொருவகை உயிரணுக்களும் உழைக்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

எலும்பு கரையும்போது அதிலுள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தின் நுண்ணிய துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் ஒன்றை மருத்துவர்கள் சி.டி.எக்ஸ். என்பர். எலும்பு எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பதை அதன் அளவு காட்டும். ஆனால் அந்த அளவு நாள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. பின்னிரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்து நிற்கிறது; நண்பகலை ஒட்டித் தாழ்கிறது. தாழும்போது, உச்ச அளவில் பாதியாகவும் குறையக்கூடும்.

காரணம் என்ன? முதற்காரணம் உணவு. உண்டபின் எலும்பு கரைவது மட்டுப்படுகிறது. பட்டினி இருப்போரிடம் இந்த ஏற்ற இறக்கம் பெரிதும் சுருங்கிவிடுகிறது. ஆயினும் அது முற்றிலும் மறைவதில்லை. உடலுக்குள் இயங்கும் கடிகாரத்திற்கும் இதில் பங்கு உண்டு.

உட்கடிகாரம் பற்றிய ஆராய்ச்சியில் தமிழ்நாட்டிற்குச் சிறப்பிடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் மாணவர்களும் குகை வௌவால்களை ஆராய்ந்தனர். பகலொளி எட்டாத குகைக்குள்ளும் அவை பொழுதறிந்து விழித்தன. பின்னர், கடிகாரமும் கதிரவனும் காணாத தனியறையில் தன்னார்வலர்களைப் பல நாள் தங்கவைத்தும் ஆராய்ந்தனர். அங்கும் உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வந்துகொண்டேயிருந்தன. இத்தகைய கடிகாரம் உயிரணுவுக்குள் இயங்கும் முறையைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனால் நமக்கு ஆவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். சேலம் ரயில் சந்திப்பு எங்கள் சூரமங்கலத்தில் உள்ளது. வண்டி வந்து நிற்கும் வேளையில் நடைமேடையில் உள்ளோரை ஒருவர் எண்ணுகிறார். வண்டி போனபின் மற்றொருவர் எண்ணுகிறார். இரண்டு எண்ணிக்கையும் மெய்யே. ஆனால் நேரத்தைக் கூறாமல் இரண்டையும் ஒப்பிட்டு, ஊரில் மக்கள்தொகை குறைந்துவிட்டது என்றால் நகைக்க மாட்டோமா?

இரத்தப் பரிசோதனையில் இப்பிழை நேர்ந்தால் அது நகைப்புக்குரியதன்று. எலும்புத் தேய்வுக்கு மருந்து உண்ணும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். முதற்பரிசோதனை விடியலில், வெறும் வயிற்றில். அடுத்தது பகலுணவுக்குப் பின். அளவு குறைந்திருக்கும். மருந்து பலித்தது என்று வீட்டார் மகிழ்வர். குறைத்தது மருந்தாக இல்லாமல், உணவும் பொழுதுமாக இருக்கலாம். எலும்போ முன்போலவே தேய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் கால் இடறினால் இடுப்பெலும்பு முறியும். முதுமையில் அதிலிருந்து மீள்வது அரிது.

ஆகவேதான், இரவு உணவுக்குப் பின் ஏதும் உண்ணாமல், காலை 10 மணிக்குள் இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். அடுத்தமுறையும் அதே நேரத்தில், அதே நிலையில், கூடுமானால் அதே ஆய்வுக்கூடத்தில் எடுப்பதே முறை.

பாட்டியாரை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் செல்லும் கடமை இன்று பல வீடுகளில் உங்களுடையதாக இருக்கிறது. அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு எடுத்தது, உண்பதற்கு முன்னா பின்னா என்பதையும் அதன் ஓரத்தில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் கற்ற அறிவியல் வீட்டிற்குப் பயன்படுவது இவ்வாறுதான்.