கூட்டமாய் வரும் வாடிக்கைக்காரர்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவரிற் பலர் கடை வைத்துப் பிழைப்பவர். ஆதலின் வியாபாரத்தைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்லப் புகுகின்றேன். தனியே வருபவருக்கு அளவுக்குமேல் ஒரு பிடி கொசுறு போடும் வழக்கம் நம்மிடம் தொன்றுதொட்டு உண்டு. கூட்டமாக வருவோரிடம் நம் தாராளம் எவ்வாறிருக்க வேண்டும் என்பதே என் விஷயம்.

முதலில் என் பிழையையே சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், கலியாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பத்தார் பன்னிரண்டு பேர் என் கடைக்கு வந்தனர். பணம் கொடுக்கும் பெரியவரை நாற்காலியில் அமர்த்திக் காப்பி கொடுத்து உபசரித்தேன். அவர் காதோடு சொல்லித் தொகையிலும் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தேன். உடன் வந்த பெண்டிரோ நின்றபடியே இருந்தனர். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அதையும் நான் கவனித்திலேன். பெரியவர் மனமகிழ்ந்து சென்றார். நானும் தாராளமாய் நடந்துகொண்டதாகவே எண்ணினேன்.

பின்னர் அப்பெண்டிரில் ஒருவர் தம் மகள் கலியாணத்துக்கு என் கடையைத் தாண்டி வேறு கடைக்குச் சென்றார். ஒருநாள் அவரைக் கண்டு காரணம் கேட்டேன். "அன்றைக்கு நாங்கள் நின்றுகொண்டேதானே சேலை எடுத்தோம், அண்ணாச்சி" என்றார். அவ்வளவே. அந்த வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது.

கூட்டத்தாரை அழைத்துச் செல்வதையே தொழிலாக்கிய ஒருவர் சரித்திரம் இங்கே நினைக்கத்தக்கது. இங்கிலாந்து தேசத்துத் தாமஸ் குக் என்பவர், 1841-ஆம் வருஷம் ஜூலை மாதம் 5-ஆம் தேதி, லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துச் சென்றார். போகவர ஆளுக்கு ஒரு ஷில்லிங்கே கட்டணம். 1845-இல் லிவர்பூல் பிரயாணத்தை லாபங்கருதி நடத்தியபோது, தாமே முன்கூட்டிச் சென்று வழியையும் விடுதிகளையும் பார்த்துவந்து, பிரயாணிகளுக்கென்று ஒரு கைப்புத்தகமும் அச்சிட்டார். மலிவான கட்டணமும் அந்தக் கவனமும் கூட்டத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் உரியவையாயிருந்தன. இதுவே நான் தவறவிட்ட பாடம்.

ஆகவே மூன்று காரியங்களைச் சொல்வேன். வந்தவர் அனைவர்க்கும் இருக்கையும் தண்ணீரும் கொடுங்கள். தள்ளுபடியை யாவரும் காணப் பில்லில் எழுதுங்கள். விலையை ஏற்றிப் பின் குறைப்பது தாராளமாகாது. மூன்றாவது, அளவறிந்து கொடுங்கள். ஐம்பது சேலையை ஐம்பது பேருக்கு விற்பதினும் ஒரு குடும்பத்துக்கு விற்பதில் வேலையும் நேரமும் மிச்சமாகும். அந்த மிச்சத்திலிருந்து கொடுக்கலாம், முதலிலிருந்து கொடுக்கலாகாது. குக்கின் பெயரால் இங்கிலாந்தில் நடந்த பெருங் கம்பெனியும் கடன் பளுவால் 2019-இல் வீழ்ந்தது. நற்பெயர் மட்டும் கடனைத் தீர்த்துவிடாது.

சகோதரர்களே! இன்று கூட்டத்தின் பின்னே நிற்பவரே நாளை வேறொரு கூட்டத்தை முன்னின்று அழைத்து வருபவர். அவரை நிற்கவைத்து அனுப்பாதீர்கள்.