ஓட்ஸ் பலகாரமும் சீனிக் கணக்கும்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பலகாரம். "டீச்சர் என்ன, பலகாரத்தைப் பத்தியா பேச வந்திருக்காங்க?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இதைப் பேச வைத்தது சிரிப்பான காரியம் அல்ல.

சில மாதங்களுக்கு முன்பு, ஓய்வு நேரத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய உணவுப் பெட்டியைப் பார்த்தேன். பளபளப்பான தாளில் சுற்றிய ஓட்ஸ் கட்டிகள் மூன்று இருந்தன. வேறொன்றும் இல்லை. பிறகு அவன் தாயாரைச் சந்தித்தபோது, "பிள்ளைக்குத் தினமும் பசியாற இதுதானா, அக்கா?" என்று கேட்டேன். "ஆமாங்க டீச்சர். விடியறதுக்குள்ள நான் வேலைக்குக் கிளம்பணும். சமைக்க நேரம் இல்ல. ஓட்ஸ்தானே, உடம்புக்கு நல்லதுதானே! எங்க அப்பாவுக்குக்கூட டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னாரே!" என்றார். அன்பினால் சொன்ன பதில். அதனால் உடனே மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் இந்தப் பலகாரத்தின் பிறப்பு வளர்ப்பைத் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஓட்ஸ் நம் மண்ணில் விளையும் தானியம் அல்ல. குளிர் நாட்டுப் பயிர். கோதுமை சரியாக விளையாத ஈரமும் குளிருமான இடத்திலும் இது விளையும். ஆகவே ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஏழை எளியவர்களின் உணவாக நெடுங்காலம் இருந்தது. 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் என்ற அறிஞர், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுகிற இந்தத் தானியத்தை ஸ்காட்லாந்தில் மக்கள் உண்கிறார்கள் என்று கேலியாகவே பொருள் எழுதினார். அந்தக் கேலியைக் கேட்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் கஞ்சியை விட்டுவிடவில்லை. கேழ்வரகுக் கூழைப் பிறர் பார்த்துவிடுவார்களோ என்று மூடி மறைக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அந்த ஓட்ஸில் செய்யும் இனிப்புக்குப் பிரிட்டனில் 'பிளாப்ஜாக்' என்று பெயர். அந்தச் சொல் ஷேக்ஸ்பியர் காலத்திலேயே உண்டு. ஆனால் அப்போது அது தோசைபோல் கல்லில் வார்க்கும் ஒரு பணியாரத்தைக் குறித்தது. அமெரிக்காவில் இன்றும் அப்படித்தான். அடுப்பில் வேகவைத்த ஓட்ஸ் கட்டிக்கு அந்தப் பெயர் வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். பெயர் பழையது, பலகாரம் புதியது. எனினும் பாட்டி கையால் செய்து கொடுத்த பண்டம் என்று அந்நாட்டு மக்கள் அதைக் கொண்டாடுகிறார்கள்.

செய்முறை மிகச் சுலபம். வெண்ணெய், பழுப்புச் சீனி, 'கோல்டன் சிராப்' என்னும் பொன்னிறப் பாகு மூன்றையும் சேர்த்து உருக்கி, அதில் ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, தட்டில் அழுத்தி, அடுப்பில் 20 நிமிடம் வேகவிட்டு, ஆறுவதற்குள் கத்தியால் கோடு போட்டுத் துண்டாக்குவார்கள். கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு செய்கிற வேலையை இங்கே அந்தப் பொன்னிறப் பாகு செய்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஏப்ரம் லைல் என்பவர் லண்டனில் நிறுவிய கரும்புச் சீனி ஆலையில் 1883இல் பிறந்த பாகு அது. சீனியின் ஒரு பகுதி குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிந்திருப்பதால் எளிதில் உறைந்து கற்கண்டாகாது. ஆகவேதான் பிளாப்ஜாக் கல்லாகாமல் மெல்லுவதற்குப் பதமாக இருக்கிறது.

மாணவர்களுக்காக ஒரு வேடிக்கைச் செய்தி. 2013இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரப் பள்ளி ஒன்றில், யாரோ வீசிய முக்கோண பிளாப்ஜாக் ஒரு மாணவன் முகத்தில் பட்டுவிட்டது. உடனே, "இனி முக்கோணமாக வெட்டக்கூடாது, நாற்கோணமாகத்தான் வெட்ட வேண்டும்" என்று சமையலறைக்கு உத்தரவு போனது! பலகாரத்தை வீசாதே என்று சொல்வதை விட்டுவிட்டு, அதன் மூலையின்மேல் பழி போட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். வழக்கமான அளவு இது: ஓட்ஸ் 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், சீனி 125 கிராம், பாகு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. இதை என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்து, 12 துண்டு போட்டால் ஒரு துண்டில் எவ்வளவு இனிப்பு என்று கேட்டேன். கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள். ஏறக்குறைய 14 கிராம். அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி! "டீச்சர், எங்க வீட்டுக் கோப்பியில்கூட இவ்வளவு போட மாட்டாங்க" என்றான் ஒருவன். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த அறிவுரைப்படி, பெரியவர் ஒருவருக்கே ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று துண்டு தின்றால் 42 கிராம். சின்னப் பிள்ளையின் உடம்பு என்ன செய்யும்?

ஓட்ஸ் நல்லதில்லை என்று நான் சொல்லவே இல்லை. அதில் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து உண்டு. அது கெட்ட கொழுப்பைக் குறைக்கும். சீனி இரத்தத்தில் ஏறுவதையும் மெதுவாக்கும். தாத்தாவுக்கு டாக்டர் சொன்னது சீனி போடாத ஓட்ஸ் கஞ்சியை. கடையில் வாங்குவது அதே பெயரில் வரும் மிட்டாயாகவும் இருக்கலாம். பெயரை நம்பாதீர்கள், தாளைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 'கூலா', 'சிராப் குளுகோசா' என்ற சொற்கள் முன்வரிசையில் நின்றால் அது பசியாறல் இல்லை, பலகாரம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் மிக அதிகம். என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் காடேறி, நடந்து நடந்து உரமேறிய கால்கள் அவருக்கு. இனிப்பு நீர் வந்தது தெரியாமலே பல வருஷம் இருந்தார். ஒரு முள் குத்திய புண் ஆறாமல், வலது பாதத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. "கால்தானே போச்சு, நீ படிம்மா" என்றார். நான் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியபோது அதைக் காண அவர் இல்லை.

மனத்துக்குத் தெம்பு தரும் ஒரு செய்தியும் உண்டு. போர்க்காலத்தில், 1940இல், பிரிட்டனில் சீனியைப் பங்கீட்டு முறையில் அளந்து கொடுத்தார்கள். 1953இல்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. தாய் வயிற்றிலும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் அந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்த பிள்ளைகளையும், அது நீங்கிய பிறகு உருவான பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2024இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. சீனி குறைவாகக் கிடைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடு குறைவாம். வந்தவர்களுக்கும் சுமார் நான்கு ஆண்டு தள்ளி வந்ததாம். பிளாப்ஜாக் நாட்டிலிருந்தே வந்த பாடம் இது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களும், பிள்ளையைச் சுமந்திருக்கும் தங்கைமார்களும் இதை மனத்தில் வையுங்கள்.

பலகாரமே வேண்டாமா என்றால், வேண்டும். தீபாவளிக்கு எள்ளுருண்டை வேண்டும். பிறந்த நாளுக்கு பிளாப்ஜாக்கும் செய்து பார்க்கலாம். பலகாரம் பலகாரமாக இருக்கட்டும், தினமும் பசியாறும் சாப்பாடாக வேண்டாம். முதல் நாள் இரவே அவித்து வைத்த ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், மீந்த இட்லி இரண்டு — நேரமில்லாத தாய்க்கும் இவை முடியும்.

அந்த மாணவனின் தாயாரிடம் பிறகு இந்தக் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரும் இப்படிச் சொல்லலியே டீச்சர்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று உங்கள்முன் நிற்கிறேன். நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். நம் பிள்ளைகள் பரிசு வாங்க மேடையேறும்போது அதைக் காண நாமும் நல்ல காலோடும் நல்ல கண்ணோடும் இருப்போம்.