கட்சித் தாவலும் தோட்டத்துப் பாதையும்



"மேலே யாரோ கட்சி மாறினால் நமக்கு என்ன, வாத்தியாரே? நாளைக்கும் பால்மரம்தானே சீவப் போகிறோம்" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நம் நாட்டில் நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. வீட்டுமனையோ சுடுகாட்டு நிலமோ, மனு அங்கேதான் போகவேண்டும். நகராண்மைக் கழக உறுப்பினர்களையும் நாம் ஓட்டுப்போட்டு அமர்த்துவதில்லை. மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆகவே ஆட்சி கவிழ்ந்தால் மந்திரி பெசார் மட்டும் மாறுவதில்லை. நம் சாக்கடையையும் தெருவிளக்கையும் அறிந்தவரும் மாறிவிடுகிறார்.

பேராக்கைப் பாருங்கள். 2008 தேர்தலில் 59 இடங்களில் மக்கள் கூட்டணிக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. 2009 பிப்ரவரியில் மூன்றே பேர் கூட்டணியை விட்டு விலகி முன்னணியை ஆதரித்தார்கள். பதினொரு மாத ஆட்சி போயிற்று. உண்மையான மந்திரி பெசார் யார் என்ற வழக்கு முடிய மேலும் ஓராண்டு ஆயிற்று. சபாவிலோ, 1994இல் 48 இடங்களில் 25 வென்ற கட்சி ஒரே மாதத்தில் ஆட்சியை இழந்தது.

நான் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில், பள்ளிக்குப் போகும் செம்மண் பாதைக்குத் தார் கேட்டு மனு கொடுத்திருந்தோம். அளவெடுத்துக் கல்லும் நட்டார்கள். பிறகு ஆட்சி மாறியது. புதிதாக வந்த அதிகாரி, "கோப்பைக் காணோம், மறுபடி எழுதிக் கொடுங்கள்" என்றார். இரண்டு மழைக்காலம் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். மீன் வண்டி உள்ளே வரவில்லை. பாதை முனையில் பலகாரக் கடை போட இருந்த ஓர் அம்மாள், கூட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தை மகனின் மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார். பொருளாதார வளர்ச்சி என்று பேசுகிறோமே, எங்கள் தோட்டத்தில் அது அந்தக் கடைதான்.

தாவியவர்களும் ஒரு காரணம் சொல்வார்கள்: "ஆளுங்கட்சியில் இருந்தால்தான் தொகுதிக்கு மானியம் வரும்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. எதிர்க்கட்சித் தொகுதிக்குப் பணம் குறைவாகவோ வராமலோ போனதை நாம் கண்டிருக்கிறோம். அந்த வழக்கம் தீராதவரை ஆசை காட்டுவதும் தீராது.

2022 அக்டோபர் 5 முதல், வென்ற கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் இடத்தை இழப்பார். மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் தனியே திருத்தவேண்டியிருந்தது. ஆனால் கட்சியே ஒருவரை நீக்கினால் அவர் இடம் போகாது. ஒரு கட்சி முழுவதுமாக அணி மாறினாலும் அப்படியே.

அந்தப் பாதைக்கு மூன்றாம் மனு எழுதியபோது இரண்டு நகல் எடுத்தோம். இரண்டிலும் அலுவலக முத்திரை வாங்கி, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றைக் கோயில் உண்டியல் பெட்டியிலும் வைத்தோம். அடுத்த அதிகாரி கோப்பைக் காணோம் என்றபோது, கோயில் தலைவர் பெட்டியைத் திறந்தார்.