காக்க வந்த வெள்ளணுக்கள்



1948-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரில் கடும் வெப்பம் நிலவியது. வெப்பத்தால் சோர்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள், ஒரு குறிப்பிட்ட நோயுடையவர்கள் அளவுக்கு மீறி இருப்பதை அங்கிருந்த மருத்துவர்கள் கண்டனர். பத்தாண்டுகளுக்கு முன், 1938-இல், அதே நகரில் டாக்டர் டாரதி ஆண்டர்சன் என்னும் அம்மையார் விரிவாக எடுத்துரைத்த சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற நோயே அது. அந்நோயாளரின் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுகிறது என்பதை டாக்டர் பால் டி சான்ட் ஆக்னீசேயும் அவருடன் பணிபுரிந்தோரும் 1953-இல் நிறுவினர். நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் ஒரு பழைய பேச்சு உண்டு. அப்பேச்சின் பின்னே இருந்த உண்மை அன்றுதான் வெளிப்பட்டது.

வியர்வையில் உப்பு மிகுவதற்கும் நுரையீரல் அழிவதற்கும் என்ன தொடர்பு? இதற்கு விடை 1989-இல் கிடைத்தது. கனடாவின் டொரான்டோ நகரிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் உழைத்த லாப்-சீ சூயி, பிரான்சிஸ் காலின்ஸ், ஜாக் ரியோர்டன் ஆகியோர், ஏழாவது குரோமோசோமில் இந்நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தனர். அது ஆக்கும் புரதம், உயிரணுவின் சவ்வில் குளோரைடு செல்வதற்குரிய ஒரு வாயில். வியர்வைச் சுரப்பியில் உப்பை உடலுக்குள் மீட்பது அதன் வேலை. மூச்சுக் குழாய்களிலோ உப்பையும் அதனைத் தொடர்ந்து நீரையும் வெளியே விடுவது அதன் வேலை. வாயில் பழுதுபட்டால் குழாயின் உட்புறம் வறண்டு, சளி பசைபோல் இறுகுகிறது. தூசியையும் கிருமியையும் மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் அச்சளியில் சிக்கி ஓய்ந்துவிடுகின்றன.

தேங்கிய நீரில் பாசி படிவது போல, தேங்கிய சளியில் கிருமிகள் குடியேறுகின்றன. குழந்தைப் பருவத்தில் ஸ்டெபிலோகாக்கஸ் போன்றவை முந்துகின்றன. பின்னர் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் கிருமி வருகிறது. மண்ணிலும் நீரிலும் எங்கும் காணப்படுவது இது. நலமுள்ள நுரையீரலை எளிதில் பற்றுவதில்லை. இங்கு உயிர்வளி குன்றிய சளிக்கட்டிக்குள் தங்கி, கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து, தம்மைச் சுற்றி வழவழப்பான ஓர் உறையையும் சுரந்துகொள்கிறது.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி. உடல் வாளாவிருப்பதில்லை. நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து மூச்சுக் குழாய்களுக்குள் பெருந்திரளாகப் பாய்கின்றன. உறைக்குள் ஒளிந்த கிருமிக் கூட்டத்தை விழுங்க அவற்றால் இயலுவதில்லை. ஆயினும் தம்மிடமுள்ள எலாஸ்டேஸ் என்னும் கரைப்பானைக் கொட்டிவிடுகின்றன. சாதாரண நிலையில் இதனைக் கட்டுப்படுத்தும் புரதம் உடலில் உண்டு. இங்கோ கொட்டப்படும் அளவு அதனைப் பன்மடங்கு விஞ்சிவிடுகிறது. விளைவாக, மூச்சுக் குழாய்க்கு நெகிழ்ச்சி தரும் நார்களே கரைகின்றன. அதுமட்டுமன்று, கிருமியை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள்களையும், அவ்வடையாளத்தைப் பற்றிக்கொள்ள வெள்ளணுவின் மேல் இருக்கும் ஏற்பிகளையும் எலாஸ்டேஸ் அறுத்துவிடுகிறது. இறந்த வெள்ளணுக்களிலிருந்து சிதறும் டி.என்.ஏ. இழைகள் சளியை மேலும் கெட்டியாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் ஊர்களில் சொல்வது இதற்கு முற்றிலும் பொருந்தும்.

இந்நிகழ்ச்சிக்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. மேலைநாட்டாரும் நெருப்பின் பெயரையே இதற்குச் சூட்டியிருக்கின்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய பொருத்தம் அரிதாகவே வாய்க்கிறது.

எதிர்ப்பொருள் மிகுந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நீல்ஸ் ஹோய்பியும் அவர் குழுவினரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாகவே சொல்லிற்று. சூடோமோனாசுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் மிகுந்திருந்த நோயாளரின் நிலையே மோசமாக இருந்தது. எதிர்ப்பொருளும் கிருமிப்பொருளும் பிணைந்து உண்டாகும் கூட்டுப்பொருள்கள் மேலும் வெள்ளணுக்களை அழைப்பதே இதற்குக் காரணம். கிருமி நிலைபெறும் முன்பே மருந்தால் அதனை அகற்றிவிட வேண்டும் என்ற முறையை அந்நகர மருத்துவர்கள் கைக்கொண்டதும் இதனால்தான். ஆஸ்திரேலியாவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வோ இன்னும் முன்னே செல்கிறது. மூன்று மாதக் குழந்தையின் நுரையீரலில் எலாஸ்டேஸ் காணப்பட்டால், மூன்று வயதில் மூச்சுக் குழாய்கள் விரிந்து சிதையும் அபாயம் மிகுதி என்று அது காட்டிற்று.

அப்படியானால் வெள்ளணுக்களை அடக்கிவிட்டால் என்ன? அதனையும் செய்து பார்த்தனர். பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1995-இல் வெளிவந்தது. நுரையீரல் ஓரளவு பயன்பெற்றது. குழந்தைகளின் வளர்ச்சியோ குன்றியது. பின்னர் வெள்ளணுக்களை அழைக்கும் ஒரு செய்தியை மட்டும் தடுக்கும் மருந்தொன்று சோதிக்கப்பட்டது. அதனை உண்ட பெரியவர்களுக்கு நுரையீரல் நோய் கடுமையாகவே சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் விவரம் 2014-இல் வெளியாயிற்று. மேய்கிறது என்று வேலியைப் பிடுங்கியெறிந்தால் மாடுகள் புகுந்துவிடுகின்றன! இந்தப் பாடத்தை நாம் சிறிதாக எண்ணுவதற்கில்லை. அதனை விலை கொடுத்துக் கற்றவர்கள் அந்நோயாளர்களே.

2012-இலும் 2019-இலும் அமெரிக்காவில் ஏற்பு பெற்ற மருந்துகள், பழுதான வாயிலையே ஓரளவு திறக்கச் செய்கின்றன. சளி இளகுகிறது, மூச்சு எளிதாகிறது. எனினும் முன்னரே குடியேறிய சூடோமோனாஸ் பலரிடம் அளவில் குறைந்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. 2019-இல் வந்த மருந்துக்கு அந்நாட்டில் குறித்த விலை ஆண்டொன்றுக்கு 3 இலட்சம் டாலருக்கும் மேல். தவிர, ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணும் மரபணுப் பிழையையே அது முதன்மையாக நோக்கியது. நம் நாட்டுக் குழந்தைகளிடம் அப்பிழை அத்துணைப் பரவலாக இல்லை.

ஆம், நம் நாட்டுக் குழந்தைகளிடமும் இந்நோய் உண்டு. இது வெள்ளையருக்கே உரியது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்ததால், நிமோனியா என்றும் காசநோய் என்றும் ஊட்டக்குறைவு என்றும் மருந்து கொடுத்து மாதங்களும் ஆண்டுகளும் கழிவதுண்டு. தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் இந்நோயுற்ற குழந்தைகள் கண்டறியப்பட்டு மருத்துவம் பெறுகின்றனர். தாய் தந்தை இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கத்தில் இவ்வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பதைக் கூசாமல் சொல்லவேண்டும்.

ஆகவே, தில்லியிலோ நாகபுரியிலோ வாழும் நம்மவர் வீட்டில், நீங்காத இருமலும், எடை ஏறாமையும், எண்ணெய்ப்பசையுள்ள மலமும் கொண்ட குழந்தை வெயிற்காலத்தில் திடீரென்று துவண்டுபோனால், அதன் தோலில் உப்புப் படிகிறதா என்று தாய் பார்த்து மருத்துவரிடம் சொல்வது நன்று. வியர்வைச் சோதனை செய்யலாமா என்றும் கேட்கலாம். இச்சோதனைக்கு ஊசி இல்லை. குழந்தையின் கையில் பைலோகார்ப்பின் என்னும் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி, அரைமணி நேரம் வியர்வையைச் சேகரிக்கின்றனர். அதில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால், அடுத்து மரபணுவைப் பார்க்கின்றனர்.