கண்ணாடியை மாற்றும் முன் ஸ்கேலை மாற்றிப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு அரை மணி நேரம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அடுத்து தண்ணீர் டேங்க் விவாதம் இருப்பதால் அதற்குள் முடித்துவிடுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே நம்மில் சிலர் உபுண்டுவுக்கும் லினக்ஸ் மின்ட்டுக்கும் மாறியிருக்கிறோம். வேறு சிலர் வீட்டில் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த 4கே மானிட்டரும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு லிஃப்டில் என்னைப் பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "சார், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. என்ன பண்றது?"

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஐம்பதாயிரத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் ஒரு பூஜ்யம்தான் வித்தியாசம். மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிகிற திரையில் கணக்கு எண்ணை டைப் செய்து பணம் அனுப்புகிறீர்கள். நம் குடியிருப்பிலேயே ஒரு அம்மா, எழுத்து தெரியவில்லை என்பதற்காக, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு நெட் பேங்கிங் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பாஸ்வேர்டையும் அவனே அடித்துக் கொடுத்திருக்கிறான். பையன் நல்ல பையன்தான். ஆனாலும் வங்கியில் வேலை பார்த்த எனக்கு அதைக் கேட்டதும் தூக்கம் வரவில்லை. அந்த அம்மா கண் டாக்டரிடமும் போய் வந்துவிட்டார். பவர் மாறவே இல்லை. பிரச்சினை கண்ணில் இல்லை, திரையில்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நான் படித்தது காமர்ஸ், எனக்குக் கணக்குப் போட்டால்தான் புரியும். திரை என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அவற்றுக்குப் பெயர் பிக்சல். 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் ஓர் அங்குல நீளத்தில் சுமார் 92 பிக்சல்கள். 27 அங்குல 4கே மானிட்டரில் 163. 15.6 அங்குல லேப்டாப்பில் 4கே திரை இருந்தால் 282. மென்பொருள் எழுதியவர்களோ பல வருடங்களாக, அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் பட்டன்களை வரைந்து வந்தார்கள். 24 பிக்சல் அகலப் பட்டன் ஒன்று பழைய மானிட்டரில் ஆறரை மில்லிமீட்டர் இருக்கும். அதே பட்டன் அந்த 4கே லேப்டாப்பில் இரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். துவரம்பருப்பு கடுகாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது பெரும்பாலோர் செய்கிற வைத்தியம்: ரெசல்யூஷனைக் குறைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்.சி.டி. திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே நிலையாகிவிட்டது. 3840-க்கு 2160 புள்ளிகள் உள்ள திரையை 2560-க்கு 1440 என்று வைத்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரைப் புள்ளியில் உட்கார வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாதே. அதனால் ஓரங்கள் கலங்கிப் போகும். ஆங்கில எழுத்தாவது சமாளிக்கும். நம் தமிழில் இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, மேலே ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு கொம்பு. எழுத்து பெரிதாகும், ஆனால் மனமா மணமா என்று தெரியாது. அதிகக் காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளை வீணாக்குவதும் ஆகும்.

சரியான இடம் ஸ்கேல். உபுண்டுவில் செட்டிங்ஸைத் திறந்து டிஸ்பிளேஸ் என்பதற்குப் போங்கள். ரெசல்யூஷன் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே ஸ்கேல் என்று 100 சதவீதம், 200 சதவீதம் இருக்கும். 200 வைத்தால் ஒரு புள்ளிக்குப் பதிலாக இரண்டுக்கு இரண்டு என்று நான்கு புள்ளிகளில் வரைகிறது. முழு எண் என்பதால் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். 15.6 அங்குல 4கே லேப்டாப் உள்ளவர்கள் 200 வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் பாவம். 27 அங்குல 4கே மானிட்டரில் 100 வைத்தால் எறும்பு, 200 வைத்தால் யானை. அவர்களுக்கு 150 வேண்டும். அதே பக்கத்தில் ஃப்ராக்ஷனல் ஸ்கேலிங் என்ற சுவிட்சைப் போட்டால் 125, 150, 175 எல்லாம் வரும். க்னோம் டெஸ்க்டாப்பில் இது 2019-இல் சோதனை வசதியாக வந்தது. முதலில் 200 சதவீதத்தில் பெரிதாக வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும் முறை அது. அதனால் எழுத்து லேசாக மங்கும், பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும். 2022 இறுதியில்தான், எனக்கு 150 சதவீதம் வேண்டும் என்று திரையே மென்பொருளிடம் நேரடியாகச் சொல்கிற நெறிமுறை வந்தது. கே.டி.இ. பிளாஸ்மா 2023-இல் வந்த 5.27 பதிப்பிலேயே அதை எடுத்துக்கொண்டது. புது மானிட்டர் வாங்கி, பின்ன அளவுதான் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு பிளாஸ்மாவுக்கே.

இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. லேப்டாப் ஒரு அடர்த்தி, பக்கத்தில் உள்ள பழைய மானிட்டர் வேறு அடர்த்தி. லினக்ஸில் திரையை ஆண்டுவந்த எக்ஸ்11 என்ற ஏற்பாடு 1987-ஐச் சேர்ந்தது.  அடிப்படையில் எல்லாத் திரைக்கும் ஒரே அளவு என்பதுதான் அதன் கணக்கு. சுற்றுவழிகள் உண்டு, திருப்தியாக இருக்காது. 2008-இல் தொடங்கிய வேலண்ட் என்ற புது ஏற்பாட்டில் திரைக்குத் திரை தனி அளவு வைக்கலாம். உங்களிடம் எது ஓடுகிறது என்று பார்க்க, உபுண்டுவில் அபவுட் பக்கத்தில் விண்டோயிங் சிஸ்டம் என்ற வரியைத் தேடுங்கள்.

வேலண்டுக்கு மாறிய பிறகும் ஒன்றிரண்டு மென்பொருள் மட்டும் மூடுபனியில் பார்ப்பது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை எக்ஸ்11 காலத்தவை. அவற்றைச் சின்னதாக வரையவிட்டு, பிறகு இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். பிளாஸ்மாவில் டிஸ்பிளே செட்டிங்கிலேயே, பழைய மென்பொருள்கள் தாங்களே அளவை மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு தேர்வு உண்டு. சில பழைய மென்பொருள்கள் அதற்கும் மசியாது, கடுகாகவே நிற்கும். மாற்று மென்பொருள் தேடுவதுதான் வழி.

இவ்வளவும் 4கே வைத்திருப்பவர்களுக்கு. நம்மில் அதிகம் பேரிடம் இருப்பது 14 அல்லது 15.6 அங்குல ஃபுல் எச்.டி. லேப்டாப். நீங்கள் ஸ்கேலைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. 200 வைத்தால் வேலை செய்ய மிஞ்சும் இடம் 960-க்கு 540 புள்ளிதான். ஜன்னலின் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே போய், ஓகே பட்டனே தெரியாது. உங்களுக்குப் போதுமானது, செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி என்ற இடத்தில் உள்ள லார்ஜ் டெக்ஸ்ட். அதைப் போட்டால் எழுத்து மட்டும் கால் பங்கு பெரிதாகும். எழுத்து அந்த அளவிலேயே புதிதாக வரையப்படுவதால் மங்காது. ஐகான்கள் பழைய அளவில்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மின்ட்டில் ஃபான்ட் செலக்ஷன் என்ற இடத்தில் டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டரை 1.2, 1.3 என்று ஏற்றிப் பாருங்கள்.

வங்கிப் பக்கம், மின்கட்டணப் பக்கம் மட்டும்தான் தொல்லை என்றால் அதுகூட வேண்டாம். பிரவுசரில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டுங்கள். அந்தத் தளம் மட்டும் பெரிதாகும். கண்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். எல்லாத் தளமும் பெரிதாக வேண்டுமானால் ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் டிஃபால்ட் ஜூம் என்று இருக்கிறது. 120 வைத்துவிடுங்கள்.

ஸ்கேலை மாற்றித் திரை தாறுமாறாகிவிட்டால் என்ன செய்வது? உபுண்டுவில் கையைக் கட்டிக்கொண்டு 20 விநாடி சும்மா இருங்கள். இந்த அமைப்பு இருக்கட்டுமா என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பும். ஓகே பட்டன் திரைக்கு வெளியே போயிருந்தால், விண்டோஸ் சின்னம் போட்ட விசையை அழுத்திக்கொண்டு, ஜன்னலின் எந்த இடத்தையாவது மவுஸால் பிடித்து மேலே இழுக்கலாம். மின்ட்டில் அதே வேலையை ஆல்ட் விசை செய்யும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஸ்கேலோடு சேராதது. 4கே மானிட்டரில் மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தால், புதுப்பிப்பு வேகம் 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 1.4 உள்ள பழைய கம்ப்யூட்டர் 4கே திரைக்கு அவ்வளவுதான் தரும். 60 வேண்டுமானால் 2.0 வேண்டும். கம்ப்யூட்டரில் டிஸ்பிளே போர்ட் இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் சங்க அலுவலகத்தில் இருப்பேன். லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள், சார்ஜரையும் சேர்த்து. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், அதற்கு நானே வீட்டுக்கு வருகிறேன். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், நான் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.