பச்சை மண்ணின் வித்தை



கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகளில் இறங்கி, மாவனல்லையைக் கடந்து கேகாலையை நோக்கிச் செல்லுகையில், வீதியோரத்தில் சட்டியும் முட்டியும் அடுக்கி வைத்திருக்கும் மொலகொடை என்னும் குயவர் கிராமத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நீங்கள் பட்டம் பெறும் இம்மங்கல வேளையில் அக்கிராமத்தாரின் தொழிலைப் பற்றி நான் பேச விழைவது, அப்பியாசத்தின் இலட்சணத்தை அத்தனை தெளிவாகக் காட்டும் வித்தை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றாமையினாலேயே.

சக்கரத்தின்முன் புதிதாக அமர்பவனுக்கு மண் எளிதில் வசப்படுவதில்லை. நடுவில் நிலைகொள்ளாத உருண்டை ஒவ்வொரு சுற்றிலும் அவன் விரலைத் தள்ளுகிறது. சுவர் ஒருபுறம் மெலிந்தும் மறுபுறம் தடித்தும் எழுந்து, வாயை விரிக்கும் தறுவாயில் சரிந்துவிடுகிறது. ஒருவாறு நிமிர்ந்து நின்ற பானையும், நிழலில் உலரும்போது மெல்லிய பாகம் முந்தியும் தடித்த பாகம் பிந்தியும் சுருங்குவதால், அடியில் வெடித்துப்போகிறது. அந்த வெடிப்பைக் கண்ட பின்னரே தன் விரல் எவ்விடத்தில் அழுத்தத் தவறியதென்பது அவனுக்கு விளங்குகிறது. எத்துணை வல்ல ஆசானும் அதை வாய்மொழியால் ஊட்டிவிட முடியாது. ஆகவே, கோணிய சட்டியைச் செப்பனிட்டுக்கொண்டிராமல், அதைப் பிசைந்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறான். வேகாத மண்ணுக்கு ஓர் அபூர்வ குணம் உண்டு: உலர்ந்து வெடித்த பாண்டத்தையும் நீரில் ஊறவிட்டால் மீண்டும் குழைந்த மண்ணாகிவிடும். ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் வெந்துவிட்டாலோ, எத்தனை நாள் ஊறினாலும் அது ஓடுதான். உங்கள் கையில் இன்று தரப்படும் பட்டத்தைச் சூளையென்று கருதிவிடாதீர்கள் என்பதே என் விண்ணப்பம்.

அவ்வாறு கருதாத ஒரு மேதையை இந்நாடு கண்டிருக்கிறது. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவீட்டுப் பணிப்பாளராக விளங்கிய ஆனந்த குமாரசுவாமி, புவிச்சரிதவியலில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பாறைகளை ஆராயக் கண்டி நாட்டுக் கிராமங்களுக்குச் சென்ற அப்பெரியார், அங்கே குயவரும் கன்னாரும் தச்சரும் தொழில் செய்யும் முறைகளை மாணாக்கனுக்குரிய சிரத்தையோடு கவனித்து, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார். ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸ் முன்னர் உபயோகித்த கையச்சு இயந்திரத்தில், தமது நேரடி மேற்பார்வையிலேயே, 425 பிரதிகள் மட்டும் அச்சிடுவித்தார் என்பதை நினைக்கும்போது, கைத்தொழிலைப் பற்றி எழுதியவர் கைத்தொழிலாகவே அந்நூலையும் ஆக்கினார் என்ற மதிப்பு எனக்கு மிகுகிறது.

அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அடுக்களைகளை நிறைத்துவிட்ட இந்நாளில், குயவர் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடிச் செல்வதைக் குறைகூற நமக்கு அருகதையில்லை. அவர்கள் பெற்றோரின் கைத்திறனுக்கு நாம் கொடுத்த விலை அவ்வளவு சொற்பம். ஆயினும் அக்கலை இன்னும் அற்றுப்போகவில்லை. பொறியியல் கற்றவர்களும் இலக்கியம் கற்றவர்களும், வாங்குவோராக மட்டுமன்றிக் கற்போராகவும், அனுமதி கேட்டுக் குயவர் வாசல்களில் நில்லுங்கள். எடுத்த எடுப்பில் சக்கரத்தைக் கேளாமல், முதலில் களி மிதிக்கக் கேளுங்கள். மண்ணில் ஒளிந்திருக்கும் கல்லும் வேரும் காலுக்குத்தான் முதலில் தட்டுப்படும்.