மண்ணில் நிற்கும் மாருத்



பறவையைக் கண்டு பறக்க விழைந்தவன் மனிதன். அவ்விழைவு கைகூடிய பின்னரும் அவன் உள்ளம் அடங்கவில்லை. வீட்டு மேசையின் முன் அமர்ந்து, கணினித் திரையை வானமாகவும் ஒரு சிறு கைப்பிடியைச் சுக்கானாகவும் கொண்டு பாவனையாகப் பறப்போர் இன்று உலகெங்கும் உளர். ‘நீங்கள் செலுத்த விரும்பும் விமானம் யாது?’ என்று அவர்களை வினவினால், பலர் வானை விட்டு என்றோ அகன்றுவிட்ட பழைய போர் விமானம் ஒன்றையே சொல்லுவர். இவ்விருப்பம் வெறும் பொழுதுபோக்குத்தானா, அன்றி அதனுள் நாம் கருதத்தக்க பொருள் ஏதேனும் உண்டா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

பாவனைப் பறப்பு புதியதன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பார் 1929-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பயிற்சிக் கருவி ஒன்றை அமைத்தார். அவருடைய தந்தையாரின் தொழிற்சாலை பியானோவும் ஆர்கனும் செய்வது. அவ்வாத்தியங்களுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே தரையில் நிற்கும் ஒரு சிறு விமானக் கூட்டை அவர் சாயவும் திரும்பவும் செய்தார். முதலில் அதனை விளையாட்டுப் பொருளென எண்ணியோர் பலர். 1934-இல் தபால் விமானங்களைச் செலுத்தப் புகுந்த அமெரிக்கப் படை விமானிகள் பலர் மேகத்தினுள் வழி காணாது மாண்டனர். அதன் பின்னரே படையினர் அக்கருவியை நாடினர். இரண்டாம் உலகப் போரில் எண்ணற்ற விமானிகள் அதில் பயின்றே வானேறினர்.

இன்றைய கணினிப் பாவனை மற்றொரு பணியையும் மேற்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டெர்லிங் என்னும் நான்கு எஞ்சின் குண்டு வீச்சு விமானங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் கட்டப்பெற்றன. அவற்றுள் முழு உருவோடு இன்று எஞ்சியது ஒன்றேனும் இல்லை. ஹார்னெட் என்னும் அழகிய இரட்டை எஞ்சின் போர் விமானத்தின் கதியும் அஃதே. பணி முடிந்ததும் அவற்றை உடைத்தனர், எஞ்சியவை மட்கின. இத்தகைய விமானங்களை மீண்டும் பறக்கக் காண்பதற்குப் பாவனையன்றி வேறு வழி ஏது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1933-இல் நான்கு வாபிடி விமானங்களோடு நம் விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கிற்று. அவ்வகையில் ஒன்று இன்றும் தில்லிப் பாலம் காட்சிசாலையில் உள்ளது. ஆயினும் நம்மவர் கனவில் முதலிடம் பெறத்தக்கது வேறொன்று, அதுவே மாருத்.

ஃபோக்கே-வுல்ஃப் 190 என்னும் புகழ்பெற்ற விமானத்தை வகுத்த ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க், 1956-இல் தம் குழுவினருடன் பெங்களூரு வந்தார். இந்தியப் பொறியாளரும் அவருமாகச் சேர்ந்து, ஒலியினும் இரு மடங்கு வேகத்தைக் குறியாகக் கொண்டு ஒரு ஜெட் போர் விமானத்தை வகுத்தனர். முதலில் அதே உருவில் மரத்தால் எஞ்சினில்லாத கிளைடர் ஒன்று செய்து, 1959-இல் டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டுச் சோதித்தனர். 1961 ஜூன் 17-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் என்னும் சோதனை விமானி முதல் மாருத்தை வானிலேற்றினார். பின்னோக்கிச் சாய்ந்த சிறகும், உடுக்கைபோல் இடை சிறுத்த உடலும் உடைய அவ்விமானத்தின் எழிலை வியவாதார் இல்லை.

உடல் வாய்த்தது, உயிர்ப்பு வாய்க்கவில்லை. அதற்கெனக் கருதப்பெற்ற வலிய ஆர்ஃபியஸ் எஞ்சினின் ஆக்க வேலை பிரிட்டனில் பாதியில் நின்றது. அதனை முடிக்க வேண்டிய பொருளுதவியை அந்நாடும் தரவில்லை, நாமும் தரவில்லை. எகிப்திய எஞ்சின் ஒன்றைப் பொருத்திப் பார்த்த முயற்சியும் பயன் தரவில்லை. முடிவில், வலி குறைந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டே அதற்கு வாய்த்தன. ஆதலின் ஒலியின் வேகத்தைத் தாண்டுமுன்னரே மாருத்தின் விரைவு நின்றுவிட்டது. எனினும் 1971-ஆம் ஆண்டுப் போரில், ராஜஸ்தான் பாலைவனத்தின் மீது தாழப் பறந்து அது ஆற்றிய பணி பெரிது. வான்சண்டையில் மாருத் ஒன்றையும் நாம் இழக்கவில்லை. ஓர் எஞ்சின் செயலற்ற நிலையிலும் மற்றொன்றின் துணையால் தளம் மீண்டவை உண்டு. 147 விமானங்கள் கட்டப்பெற்றன. 1990-இல் அவ்வகை முற்றிலும் ஓய்வு பெற்றது. இன்று காட்சிசாலைகளில் சில நிற்கின்றன. பறப்பது ஒன்றும் இல்லை.

அந்த எஞ்சின் குறையை நீக்க முயன்றபோது நாம் கொடுத்த விலையை மறத்தல் ஆகாது. வெளியேறும் வெப்ப வாயுவில் மேலும் எரிபொருளைச் செலுத்தி எரித்து, உந்துவிசையைப் பெருக்கும் முறையில் ஒரு மாருத் திருத்தியமைக்கப்பெற்றது. 1970 ஜனவரி 10-ஆம் நாள் அதனைச் சோதிக்கப் புகுந்த குரூப் காப்டன் சுரஞ்சன் தாஸ், விமானம் தரையை விட்டு எழும் வேளையில் நேர்ந்த விபத்தில் உயிர் துறந்தார். எவர் முதன்முதல் அதனை வானேற்றினாரோ, அவரே அதன் பொருட்டு மாண்டார். பெங்களூருவில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பாவனை மாருத்தைச் செலுத்த விழையும் இளைஞர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. திரையில் விழுந்த விமானம் ஒரு விசையைத் தட்டினால் மீண்டும் எழும். மெய் விமானத்தில் அத்தகைய விசை இல்லை. பாவனையில் தோன்றும் துணிவுக்கும் சோதனை விமானியின் துணிவுக்கும் இடையே உள்ள தொலைவு அளவிடற்கரியது. அத்தொலைவை உணர்ந்து பறப்பவனுக்கே பாவனை கல்வியாகும்.

மற்றொன்றும் உண்டு. ஒரு விமானத்தின் புறத்தோற்றத்தை வரைவது எளிது. அது காற்றில் நடந்துகொள்ளும் வகையைக் கணினிக்குக் கற்பிப்பதே அரிது. எக்கோணத்தில் சிறகு எவ்வளவு தாங்கும், எவ்வுயரத்தில் எஞ்சின் எவ்வளவு தள்ளும், எவ்வேகத்தில் சுக்கான் கனக்கும் என்பன தெரிதல் வேண்டும். இவற்றைச் சோதனைப் பறப்புக் குறிப்புகளும், காற்றுச் சுரங்கத்தில் கண்ட அளவுகளும், விமானிகளின் வாய்மொழியுமே சொல்லும். அவை இல்லையேல், நாம் திரையிற் காண்பது மாருத்தின் சட்டையணிந்த வேறொரு விமானமே ஆகும்.

காகிதம் செல்லரிக்கும்; மனித நினைவும் அவ்வாறே தேயும். 1971-இல் இருபத்தைந்து அகவை இளைஞராக மாருத்தைச் செலுத்தியோர் இன்று எண்பதை அண்டி நிற்கின்றனர். மூக்கைத் தூக்கித் தரையிறங்குகையில் அவ்விமானம் கைக்கு எவ்வாறு இருந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். அதனை இன்று கேட்டு எழுதிக்கொள்ளாவிடில், நாளை கேட்பதற்கு ஆள் இரார். விமானங்களைக் காட்சிசாலையில் நிறுத்தியதோடு நம் கடமை முடிந்ததென்று இருத்தல் தகாது. வரைபடங்களையும் குறிப்பேடுகளையும் படியெடுத்துக் காப்பதும், அம்முதியோரின் சொற்களைப் பதிவு செய்வதும் அதனோடு சேர்ந்த கடமைகளே.

பறக்காத விமானத்தைப் பறக்க விரும்பும் இளைஞரின் ஆசையை நாம் நகைத்து ஒதுக்க வேண்டுவதில்லை. அந்த ஆசையின் வழியே அவர் டாங்கையும், தாஸையும், பெயர் தெரியாத எண்ணற்ற பொறியாளரையும் தொழிலாளரையும் தேடி வருகிறார். வந்து கேட்பவருக்குக் கொடுப்பதற்கு நம்மிடம் மெய்யான செய்தி இருத்தல் வேண்டும். அதனைச் சேர்த்து வைக்கும் காலம் இன்னும் முற்றிலும் கடந்துவிடவில்லை.